பதிமுகத் தண்ணீரின் நிறம்

என் முனைவர் பட்ட ஆய்வு ஒரு வடிகட்டி. கிணற்றுத் தண்ணீரில் உள்ள இரும்பை எடுக்கும், அமிலத்தன்மையைக் குறைக்கும். அதை வைத்துக் கம்பெனி தொடங்க உரிமம் வேண்டுமென்றால், ஒரு வீட்டிலாவது மழைக்காலம் முழுக்க அந்தத் தண்ணீரைக் குடித்திருக்க வேண்டும் என்று பல்கலைக்கழகம் சொல்லிவிட்டது. வெள்ளறடையில், ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் இருக்கும் ஓர் அக்கா சம்மதித்தார்.

இரண்டாம் வாரமே போன் வந்தது.

"மக்கா, உன் சாதனத்தக் கழத்திக் கொண்டு போ. செவப்புச் சாயம் எளகுது."

பஸ்ஸில் பட்டியல் போட்டேன்: கரி, குழாய், பிளாஸ்டிக் மூடி. எதுவும் சிவப்பில்லை.

சமையலறையில் இரண்டு தம்ளர்கள் இருந்தன. இரண்டிலும் பதிமுக மரத்தின் சீவல் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர். கிணற்றுத் தண்ணீர் மங்கிய மஞ்சள், என் வடிகட்டியின் தண்ணீர் கடுஞ்சிவப்பு. எங்கள் பக்கம் பதிமுகம் போடாமல் தண்ணீர் குடிப்பது அபூர்வம். நானும் அதைக் குடித்துத்தான் வளர்ந்தேன். ஆய்வகத்தில் ஒருநாளும் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

"சாயமில்லக்கா. கெணத்து வெள்ளத்துல உள்ள புளிப்பு போயாச்சு, அதான் கலர் பிடிக்குது" என்று எலுமிச்சை பிழிந்து காட்டினேன். சிவப்பு மஞ்சளானது.

"அப்போ நீ உள்ள சுண்ணாம்பாக்கும் வச்சிருக்க. மஞ்சள்ல சுண்ணாம்பு பட்டா செவக்குமே."

உள்ளே இருப்பது சுண்ணாம்புக்கல்தான். "உண்டு, கொஞ்சம்" என்றேன்.

"இதுக்காக்கும் இவ்வளவு படிச்சது!" பக்கத்து வீட்டுச் சித்தி மதிலுக்கு அந்தப்புறமிருந்து சிரித்தார்.

என் ஆய்வு வழிகாட்டிக்குப் போன் செய்தேன். "கல்லைக் குறைச்சுடு" என்றார். குறைத்தால் இரும்பு வடிகட்டியில் சரியாகத் தங்காது. குறைக்காவிட்டால் இந்த வீடு போய்விடும். எது சரி என்று பிடிபடவில்லை. வடிகட்டியைக் கழற்ற ஸ்பானரை எடுத்தேன்.

அதற்குள் சித்தி உள்ளே வந்து சிவப்புத் தம்ளரை எடுத்துக் குடித்தார்.

"கொள்ளாமே, நல்லாத்தான் இருக்கு. எத்தற சீவல் போட்ட?"

"எப்பவும் போல ஒரு பிடி" என்றார் அக்கா.

"இந்தக் கலருக்குக் கால் பிடி மதியே, முக்கால் பிடி மிச்சம்!"

அக்கா சீவல் டப்பாவைத் திறந்து பார்த்தார். "கழத்தண்டாம் மக்கா. அங்கன நிக்கட்டு."

"சீவல் மிச்சம் பிடிக்கிற மிஷின் எனக்கும் ஒண்ணு வேணும்" என்றார் சித்தி.

இரும்பைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கல்லைக் குறைக்கச் சொன்ன சாருக்கு என்ன எழுதுவது? பஸ் நிறுத்தத்தில் நின்று, செய்தியைத் தொடங்குவதும் அழிப்பதுமாக இருந்தேன்.