ஒரு கால் படியில், ஒரு கால் தரையில்

கிருஷ்ணன்கோவில் கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு வேலைக்கான நேர்முகத் தேர்வு வருகிறது. கண்ணாடி முன் நின்று "ஐ ஆம் கிரிகேரியஸ்" என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். எல்லோரோடும் கலகலப்பாகச் சேர்ந்து பழகுகிறவர் என்று அர்த்தமாம். செல்போனில் அதன் மூலத்தைத் தேடியவள் முகத்தைச் சுளித்தாள்.

"லத்தீன்ல 'கிரெக்ஸ்'னா மந்தையாம்மா! ஆட்டு மந்தை! நான் இதைச் சொல்லவே மாட்டேன்."

எனக்கோ துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. மந்தை! அடடா, அது நாங்கள்தானே! தனியாகப் பிரிப்பதைச் சொல்லும் 'செக்ரிகேட்'டும் அதே வேரில் முளைத்ததாம். குப்பையை மக்கும், மக்காதது என்று பிரிக்கவில்லை என குப்பை வண்டிக்காரர் தினமும் திட்டுகிற திட்டில் எனக்கு அந்த வார்த்தை நன்றாகவே தெரியும்.

பெண்கள் நாங்கள் சிலர் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வேலைக்குப் போன காலம். கோர்ட், தாலுகா ஆபீஸ், பால்கோவா கடை என்று ஆளுக்கொரு இடத்தில் வேலை. ஆனால் காலையில் ஒரே பஸ், பின்பக்கத்து சீட்டுகள், ஒரே சிரிப்பு. கூட்டத்துக்குத் தலைவி கோர்ட்டில் வேலை பார்த்த கோதை அக்கா. யாராவது வரத் தாமதமானால் அக்கா ஒரு காலைப் படியிலும் மறு காலைத் தரையிலும் வைத்துக்கொள்வார். எந்த டிரைவர் பஸ்ஸை எடுப்பார்?

நான் தாலுகா ஆபீஸில் தற்காலிக டைப்பிஸ்ட். துறைப் பரீட்சையில் தேறினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு. பரீட்சை நாளன்று இவர்கள் அரட்டையில் படித்ததெல்லாம் மறந்துவிடும் என்று பயந்து, அவர்கள் வருவதற்கு முன்னாலேயே போய் முன்வாசலில் ஏறி, என்ஜின் பக்கத்தில் புத்தகத்துக்குள் தலையைப் புதைத்துக்கொண்டேன். என்னை நானே செக்ரிகேட் செய்துகொண்டேன் என்று வையுங்கள்.

பஸ் நிரம்பியது. கிளம்பவில்லை. பரீட்சை மண்டபத்தின் கேட்டைச் சாத்திவிட்டால் என் கதி?

"எவளோ சிங்காரிச்சுட்டு வாரா போல. அவளுக்காக நாம காத்துக் கெடக்கோம்" என்று பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் பொரிந்தேன்.

பின்னாலிருந்து கோதை அக்காவின் குரல் உயர்ந்தது. "செத்த நேரம் பொறுங்க! பிள்ளை வராம பஸ்ஸு எப்படிப் போவுதுன்னு பாக்கேன்!"

கண்டக்டர் டிரைவரிடம் வந்து புலம்பினார். "டைப்பிஸ்ட் பிள்ளைக்கு இன்னைக்குப் பரீட்சையாம்ணே. அது வந்தாத்தான் அந்த அக்கா காலை எடுப்பாங்களாம்."

புத்தகம் மடியிலிருந்து விழுந்தது. "ஐயோ, அது நான்தான்! நான் உள்ளதான் இருக்கேன்!"

பஸ்ஸே சிரித்தது. கோதை அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, "ஏட்டி, உள்ள இருந்துக்கிட்டா எங்களைத் தேட விட்ட?" என்று தலையில் ஒரு குட்டு வைத்தார். அப்புறம் டிரைவரைப் பார்த்து, "மிதிங்கண்ணே!"

அவர் மிதித்த மிதி இருக்கிறதே! வழியில் இறங்க வேண்டியவர்கள்கூட, "பிள்ளையை விட்டுட்டு வாங்க, பொறவு எறங்கிக்கிடுதோம்" என்றார்கள். மூடப்போன கேட்டுக்குள் நுழைந்தேன். தேறினேன். இன்று நான் வாங்கும் பென்ஷனில் அந்த மந்தைக்கும் பங்குண்டு.

கோதை அக்கா இப்போது இல்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக ஸ்கூட்டருக்கு மாறி, பிறகு ஊர் மாறிப் போனார்கள். போன வாரம் அதே வழியில் பஸ்ஸில் போனேன். தூரத்தில் ஒரு பெண் பையை அணைத்துக்கொண்டு ஓடி வந்தாள். என் கால் தானாகவே படியைத் தேடி எழுந்தது. அதற்குள் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.