எட்டு எழுத்துக்குள் அடங்காத பெயர்

கேகாலையில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் ரப்பர் தோட்டத்து டிஸ்பென்சரிக்கு ஒரு புரோகிராம் எழுதினேன். பெயரை இங்கிலீஷில் தட்டினால், அந்த ஆளுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று காட்டும். எழுதியது வகுப்பிலிருந்த லினக்ஸ் மெஷினில். டிஸ்பென்சரிக்குக் கிடைத்ததோ தோட்ட ஆபீஸ் கழித்துவிட்ட பழைய மெஷின். அதில் டாஸ் என்ற பழைய சிஸ்டம் மட்டும்தான் ஓடும்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து டாஸுக்கு மாற்றினேன். கம்பைலர் காட்டிய பிழைகளெல்லாம் தீர்ந்ததும் வேலை முடிந்ததாக நினைத்துவிட்டேன். ஓர் ஆளுக்கு ஒரு ஃபைல், அவர் பெயரிலேயே. லினக்ஸ் முழுப் பெயரையும் வைத்துக்கொள்ளும்; டாஸ் அந்தப் பெயரில் முதல் எட்டு எழுத்தை வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். எனக்குத் தெரியாத விஷயமல்ல. வகுப்பில் நானே சொல்லிக்கொடுப்பதுதான்.

ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போகும் ஓர் அக்காவுக்கு சல்ஃபா மாத்திரை ஆகாது. அதைப் பதிந்திருந்தோம். பிறகு வேறொரு பெண்ணைப் பதிந்தபோது, இருவர் பெயரிலும் முதல் எட்டு எழுத்து ஒன்றாக இருந்ததால், புதிய ஃபைல் பழையதை அழித்துவிட்டது. அக்கா காய்ச்சலோடு வந்தார். டிஸ்பென்சரியைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் ஐயா, அக்காவின் பெயரைத் தட்டிப் பார்த்தார். தடை எதுவும் வரவில்லை. மாத்திரை கொடுத்தார். சாயங்காலம் முகம் வீங்கி, உடம்பெல்லாம் கொப்பளித்து, அக்காவை லொறியில் கரவனெல்லை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் காலை மெஷினைத் திறந்த உடனே எனக்கு விளங்கிவிட்டது. அப்போதுதான் தோட்ட மேனேஜர், பெரிய தொரை, உள்ளே வந்தார்.

"மெஷின்ல ஏதும் பிழையா?"

"இல்லீங்க சார், மெஷின் சரியாத்தான் இருக்கு."

பக்கத்தில் நின்ற டாக்டர் ஐயா என்னை ஒரு தரம் பார்த்தார். "நான்தான் வாயால கேட்டிருக்கணும் சார்," என்றார்.

அன்றைக்கே யாருக்கும் சொல்லாமல் ஃபைலுக்குப் பெயர் வைப்பதை விட்டு, நம்பர் வைத்தேன். அக்கா பத்து நாளில் திரும்பி வந்தார். கையில் தோல் உரிந்த தழும்புகள். டாக்டர் ஐயாவை வேறு தோட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்து, தெரணியகலை பஸ் ஸ்டாண்டில் அவரைக் கண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் தம்பி," என்றார். "நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். அக்காவிடம் இன்றுவரை சொல்லவில்லை.