தனுஷ்கோடியின் மேட்ச் சேனல்

மல்லாங்கிணறில் தனுஷ்கோடியை எல்லாரும் அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்தது கேபிள் கம்பி வந்த பிறகுதான். அதற்கு முன் அவன் விருதுநகரில் ஒரு ரேடியோ ரிப்பேர்க் கடையில் ஈயம் உருக்கிக்கொண்டிருந்தான். அவன் அப்பா அடுத்தவர் கரிசலில் களையெடுத்துப் பிழைத்தவர். அதிலெல்லாம் ஒரு கேவலமும் இல்லை. கேவலமெல்லாம் அவன் மேலே வந்த பிறகு செய்ததுதான்.

மொட்டைமாடியில் ஒரு டிஷ், கீழே ஓர் அறை. அந்த அறைக்குக் கண்ட்ரோல் ரூம் என்று பெயர். மாத வாடகை தரத் தாமதித்தவன் வீட்டில், சீரியலில் மாமியார் வாயைத் திறக்கும் நேரம் பார்த்துப் படம் போய்விடும். போய்க் கேட்டால், "லைன்ல பால்ட்டு. ஆளு வரும்" என்பான். ஆள் என்று தனியாக யாரும் கிடையாது, அவனேதான். ஆனாலும் கல்யாண வீட்டுப் பந்தியில் முதல் வரிசை, கோயில் கொடையில் மாலை. படம் போய்விடுமே என்ற பயத்தில் ஊர் போட்ட மாலையை அவன் பாசத்தில் போட்டதாக எடுத்துக்கொண்டான்.

இரண்டாயிரத்து எட்டில் தவுபிக் வந்தான். விருதுநகரில் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம் செய்யும் நாகூர் கனியின் மகன். மண்டியில் தும்மிக்கொண்டு உட்கார அவனுக்குப் பிடிக்கவில்லை. கையில் இரண்டு செல்போன், சட்டைப் பையில் கறுப்புக் கண்ணாடி. எங்கள் ஊரில் அவனும் ஒரு கண்ட்ரோல் ரூம் போட்டு, தெற்குத் தெருக்களில் கம்பி இழுத்தான். இரண்டு பேர் அடித்துக்கொண்டால் நமக்கு லாபம் என்று ஊர் சந்தோஷப்பட்டது. ஊரின் புத்தி அம்புட்டுத்தான்.

அந்தக் கோடையில்தான் இருபது ஓவர் போட்டி புதிதாக வந்தது. சென்னைக்கென்று ஓர் அணி. பணம் கட்டினால் மட்டும் வரும் சேனலில்தான் பார்க்க முடியும். கட்டணச் சேனல்களை எங்கள் வட்டாரத்துக்குப் பிரித்துக் கொடுத்தவர் கனகசபாபதி என்ற ஏஜெண்ட். அந்தச் சேனலைத் திறக்கும் பெட்டி அவரிடம்தான் கிடைக்கும். இரண்டு பேரும் அவர் வீட்டு வாசலில் மாறி மாறி நின்றார்கள். தனுஷ்கோடி பால்கோவாவோடு போனான், தவுபிக் பிரியாணி அண்டாவோடு போனான். அண்டா ஜெயித்தது.

"ஊருக்கு ஒரு பெட்டிதான் தனுஷ்கோடி. கம்பெனி ரூலு. நான் என்ன செய்ய?" என்றார் கனகசபாபதி. அந்த ரூல் அன்று காலையில் பிறந்த ரூல்.

மறுநாளே வடக்குத் தெரு ஆட்கள் தவுபிக்கிடம் பெயர் கொடுக்கத் தொடங்கினார்கள். டீக்கடை பலவேசம் தனுஷ்கோடியின் முகத்துக்கு நேரே கேட்டார்: "அண்ணாச்சி, மேட்ச் வருமா வராதா? வராதுன்னா சொல்லிருங்க, நாங்க அங்கன மாறிக்கிடுதோம்."

"வரும்" என்றான் தனுஷ்கோடி. எப்படி என்று அவனுக்கே தெரியாது.

அவன் தங்கச்சி சுப்புத்தாய் வீடு தெற்குத் தெரு முனையில் இருந்தது. புருஷன் இல்லை, ஒரு மகள் மட்டும். சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் சரவெடி பின்னுகிற வேலை. காலையில் கம்பெனி வேனில் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்புவாள். அவள் பெயரில் தவுபிக்கிடம் ஓர் இணைப்பு வாங்கச் சொன்னான். தவுபிக் அதை வலை என்று நினைக்கவே இல்லை. "தனுஷ்கோடி தங்கச்சியே நம்ம லைனுக்கு வந்துட்டாக" என்று பஜார் முழுக்கச் சொல்லித் திரிந்தான். அவன் சொல்லி முடிப்பதற்குள் தனுஷ்கோடி அவள் டிவியின் முதுகில் ஒரு கம்பியைச் செருகி, கூரை வழியாகத் தன் கண்ட்ரோல் ரூமுக்கு இழுத்துவிட்டான். அவள் டிவியில் என்ன ஓடுகிறதோ அது அவன் வாடிக்கையாளர் எல்லார் வீட்டிலும் ஓடும்.

"எனக்கு எதுக்குண்ணே மேட்ச்சு? நான் வந்து நாடகம்ல பாக்கணும்" என்றாள் சுப்புத்தாய்.

"ஒரு சீசன் பொறுத்துக்கோ. அண்ணன் மானத்தைக் காப்பாத்து."

ஒரு சிக்கல் இருந்தது. படத்தின் அடியில் 'தவுபிக் கேபிள் விஷன்' என்ற எழுத்து ஓடிக்கொண்டே இருக்கும். தனுஷ்கோடி கம்ப்யூட்டர் வைத்து அதன் மேல் அகலமாக ஒரு விளம்பரப் பட்டையை ஒட்டினான். காலண்டர் பிரஸ், ஜவுளிக்கடை, பூப்புனித நீராட்டு வாழ்த்து, நடுநடுவே கைகூப்பிய அவன் போட்டோ. திருட்டு மறைந்தது. கூடவே ஸ்கோரும் மறைந்தது.

"அண்ணாச்சி, எத்தனை ரன்னுன்னே தெரியலையே" என்று கேட்டவர்களிடம், "ஸ்கோரைப் பாத்து என்னலே செய்யப் போற? ஆட்டத்தைப் பாரு" என்றான். அதையும் ஊர் கேட்டுக்கொண்டது. யார் ஜெயிக்கிறார்கள் என்று தெரியாமலே வாரக்கணக்கில் கைதட்டிய ஊர் எங்கள் ஊர்.

ஒரு சாயங்காலம் வேனிலிருந்து இறங்கிய சுப்புத்தாய், வெடிமருந்து படிந்த கையைக் கழுவிவிட்டு, பழக்கதோஷத்தில் சேனலை மாற்றிவிட்டாள். வடக்குத் தெரு முழுவதும் பந்து வந்துகொண்டிருந்த இடத்தில் ஒரு பெண் தாலியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தனுஷ்கோடி ஓட்டமாக ஓடி வந்து ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டு போனான். டிவியின் பொத்தான்களுக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டினான். அதன் பிறகு அவள் சாயங்காலங்களில் தன் வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாளோடு உட்கார்ந்திருப்பாள். உள்ளே யாருக்கோ ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்.

இறுதிப் போட்டிக்குச் சென்னை போயிற்று. தனுஷ்கோடி கண்ட்ரோல் ரூம் முன்னால் தெருவிலேயே பெரிய டிவியை வைத்தான். சுப்புத்தாயிடம் சொல்லிக் கம்பெனியிலிருந்து ஒரு நீளச் சரவெடி வரவழைத்துத் தெருவில் விரித்தான். "தெக்குத் தெருக்காரன் காதுல விழணும்" என்றான்.

ஆட்டம் கடைசிப் பந்துக்கு வந்துவிட்டது. சென்னைக்காரர்கள் பந்து வீசுகிறார்கள். எதிரணிக்கு எத்தனை ஓட்டம் வேண்டும் என்பது ஜவுளிக்கடைக்குப் பின்னால் இருந்தது.

"எம்புட்டு அண்ணாச்சி வேணும்?" என்றார் பலவேசம்.

"ரெண்டு. ஒரு பந்துல ரெண்டு. நடக்காது." எங்கே பார்த்தான் என்று யாரும் கேட்கவில்லை.

பந்து போனது. மட்டைக்காரர்கள் ஓர் ஓட்டம் ஓடினார்கள். தனுஷ்கோடி திரியில் நெருப்பு வைத்தான்.

தெரு அதிர்ந்தது. புகைக்குள் ஆட்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். யாரோ தனுஷ்கோடியைத் தோளில் தூக்கினார்கள். பலவேசம் மட்டும் டிவிக்கு அருகே போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"நீலச்சட்டைக்காரனுகல்ல குதிக்கானுக. நம்மாளு மஞ்சள்ல" என்றார்.

வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. சென்னை தோற்றுவிட்டது. சரவெடியைப் பாதியில் நிறுத்த முடியாது. அது தன் பாட்டுக்கு வெடித்துக்கொண்டே போனது. தெற்குத் தெரு மொட்டைமாடிகளில் ஆட்கள் ஏறி நின்று, தோல்விக்கு வெடி போடும் வடக்குத் தெருவைப் பார்த்துச் சிரித்தார்கள்.

பலவேசம் கண்ட்ரோல் ரூமுக்குள் போய், "இந்தப் பட்டையை எடுலே முதல்ல" என்று கம்ப்யூட்டர் வயரைப் பிடுங்கினார். பட்டை போயிற்று. 'தவுபிக் கேபிள் விஷன்' சாவகாசமாக ஓடியது.

மறுநாள் காலை தவுபிக் கூரைக் கம்பியைத் தடம் பிடித்து, நான்கு ஆட்களோடு சுப்புத்தாய் வீட்டு வாசலில் நின்றான். வேனுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவளைப் பார்த்து, "திருட்டு லைன் குடுக்க எங்களத்தான் கண்டீகளா?" என்று சத்தம் போட்டான். தெருவே கூடிவிட்டது. தனுஷ்கோடியும் வந்தான். வந்தவன் தங்கச்சிக்குப் பக்கத்தில் நிற்கவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாது தவுபிக். பொம்பளை, விவரமில்லாமப் பண்ணிட்டா" என்றான்.

அது பொய் என்று தவுபிக்குக்கும் தெரியும். ஆனாலும் தலையை ஆட்டினான். பொம்பளையைத் திட்டிவிட்டுப் போவது இரண்டு பேருக்கும் சௌகரியமாக இருந்தது.

சுப்புத்தாய் உள்ளே போனாள். பிளாஸ்திரியை உரித்தாள். டிவியின் முதுகிலிருந்த கம்பியைப் பிடுங்கி, கூரையிலிருந்து சரசரவென்று இழுத்துச் சுருட்டிக் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் போட்டாள். "ரெண்டு பேரும் ஒரே ஆளுதான். சேந்தே பிழைச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வேனுக்கு நடந்தாள்.

அவள் திட்டாகச் சொன்னதை அவர்கள் யோசனையாக எடுத்துக்கொண்டார்கள். அந்த மாதமே கனகசபாபதி இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். இரண்டு லைனும் ஒன்றாயிற்று. ஊருக்கு ஒரு பெட்டி என்ற ரூல் அப்போதுதான் நிஜ ரூலாயிற்று. மாத வாடகை ஏறியது, மேட்ச் சேனலுக்குத் தனி வசூல். மாறிப் போக இன்னொரு ஆள் இல்லாததால் ஊர் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தது. ஒரு வருஷத்தில் தவுபிக்குக்கு அலுத்துவிட்டது. மண்டிக்கே திரும்பினான். மிச்சமிருந்ததைக் கனகசபாபதி வாங்கிக்கொண்டார். தனுஷ்கோடி அவரிடம் சம்பளத்துக்கு வீடு வீடாக வசூலுக்குப் போனான்.

சுப்புத்தாய் மகள் எழில் பெரியவளானபோது தாய்மாமன் சீர் செய்ய அவன்தான் போக வேண்டியிருந்தது. தட்டில் பட்டுப்பாவாடை, பழம், பூ எல்லாம் வைத்துக்கொண்டு போனான். அவள் தட்டை வாங்கிக்கொண்டாள். பந்தியில் அவனுக்கு இலை போடச் சொன்னாள். அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் சாப்பிட்டுவிட்டு, மறு சாதமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு போனான்.