மாமாவின் பொய்ச் செத்தவீடு

எங்கள் மாமா ஒருமுறை செத்துப்போவதற்கு வீடு தேடி அலைந்தார்.

போரால் ஊரில் மின்சாரம் நின்றுபோவதற்கு முந்திய, எண்பதுகளின் பிற்பகுதி அது. அம்மாவின் தம்பியான அவர், கல்யாண வீடுகளில் வீடியோ எடுக்கும் சிநேகிதர் ஒருவரைப் பிடித்து ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தார். கதை, வசனம், கதாநாயகன் எல்லாம் அவரே. சுன்னாகத்து வெங்காயத் தோட்டமொன்றில் பாம்பு கடித்துக் கதாநாயகன் இறந்துபோகிறான். தோட்டம் கிடைத்தது, பிளாஸ்டிக் பாம்பும் கிடைத்தது. செத்தவீட்டுக் காட்சி எடுக்கத்தான் ஒருவரும் வீடு தரவில்லை. கல்யாணக் காட்சி என்றால் பலகாரமும் சேர்த்துத் தந்திருப்பார்கள். உயிரோடு இருப்பவரைக் கிடத்தி ஒப்பாரி வைத்தால் பலித்துவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை.

கடைசியில் எங்கள் வீட்டைக் கேட்டார். அம்மா நேரே இல்லை என்று சொல்லவில்லை. பிள்ளையாரிடம் பூக்கட்டிப் பார்ப்போம் என்றார். ஒரு பொட்டலத்தில் நந்தியாவட்டை, மற்றதில் செவ்வரத்தை என்று சொல்லி இரண்டையும் சந்நிதியில் வைத்தார். வெள்ளை வந்தால் சம்மதம். எட்டு வயதுப் பிள்ளையின் கை பொய் சொல்லாது என்று என்னை எடுக்கச் சொன்னார்கள். சிவப்பு வந்தது. மாமா மறுபேச்சில்லாமல் விழுந்து கும்பிட்டார். மற்றப் பொட்டலத்திலும் செவ்வரத்தைதான் இருந்தது என்பதை அம்மா பல வருடங்களுக்குப் பிறகே சொன்னார். தம்பியின் உயிர் விஷயத்தில் பிள்ளையாரைக்கூட அவர் நம்பவில்லை.

இதைக் கேள்விப்பட்ட கமராக்கார அண்ணையின் தாய், மாமாவைக் குருநகருக்குக் கூப்பிட்டார். அவர்கள் கடற்றொழில் செய்யும் கத்தோலிக்கக் குடும்பம்.

“இங்கை எடுங்கோ தம்பி. பெரிய வெள்ளிக்கு வருசா வருசம் ஆண்டவரையே கிடத்தி அழுறனாங்கள். எங்களுக்கு என்ன பயம்? ஆனா தாயா நான்தான் அழுவன்.”

மாமாவுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

படப்பிடிப்பு நாளில் அம்மாவும் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மாமாவின் இடுப்பில் காவலுக்கென்று மந்திரித்த தேசிக்காய் ஒன்றைச் செருகிய பிறகுதான் அவரைப் படுக்கவிட்டார். கதைப்படி அது சைவ வீடு. அதனால் கமராக்கார அண்ணை சுவரிலிருந்த மாதா படத்தையும், பக்கத்தில் மாலையில்லாமல் தொங்கிய ஓர் இளைஞனின் படத்தையும் கழற்றி உள்ளே வைத்தார். தலைமாட்டில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். படத்தில் நான் செத்தவரின் மகள். எனக்கோ சிரிப்பு அடக்க முடியவில்லை.

“அன்ரி, பாம்பு கடிச்சதைச் சொல்லி அழுங்கோ” என்று பிணம் எழும்பிச் சொல்லிவிட்டு மறுபடி படுத்தது.

கமரா ஓடத் தொடங்கியது. அந்தத் தாய் வந்து மாமாவின் தலைமாட்டில் இருந்தார். நெற்றியைத் தடவினார்.

“என்ரை ராசா, விடியக் கஞ்சி குடிக்க வாறன் எண்டுதானே கடலுக்குப் போனனீ! எந்தக் கரையிலையடா கிடக்கிறாய்? அம்மா உன்ரை முகத்தைப் பாக்கேல்லையே!”

என் சிரிப்பு நின்றுபோனது. வசனம் பிழையாகிவிட்டதே என்று கவலையாக இருந்தது. மாமா ‘கட்’ சொல்வார் என்று பார்த்தேன். அவர் கண் திறக்கவில்லை. மூடிய கண்களிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போய்க்கொண்டிருந்தது. அதுவரை சுவரோடு ஒட்டி நின்ற அம்மா ஓடிவந்து அந்தத் தாயைக் கட்டிக்கொண்டு அழுதார். கமராக்கார அண்ணையின் தோள்கள் குலுங்கின. ஆனாலும் அவர் கமராவை நிறுத்தவில்லை.

அந்த வீட்டின் மூத்த மகன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை என்பதும், உடல் கிடைக்காததால் அங்கே செத்தவீடே நடக்கவில்லை என்பதும் நின்றவர்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

மினிபஸ்ஸில் திரும்பும்போது பிழைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தேன். அன்ரி பாம்பை மறந்துவிட்டார். மாமா செத்த பிறகும் அழுதார்.

“திரும்பவும் எடுக்க வேணும், என்ன மாமா?”

“காணும் பிள்ளை, எடுத்தது போதும்” என்றார் மாமா.

புறப்படும்போது அவர் அன்று எடுத்த கசெற்றை அன்ரியிடமே கொடுத்துவிட்டு வந்திருந்தார். பிழையாய்ப்போன ஒன்றை அன்ரி ஏன் இரண்டு கையாலும் வாங்கினார் என்பதுதான் வழி முழுக்க எனக்கு விளங்கவேயில்லை.