லெத்தேரியா வடம் பிடித்த நாள்

மெசீனாத் துறைமுகத்தில் கப்பல் நின்றதும் எத்னா மலைக்குப் போகலாமா, தவோர்மினாவுக்குப் போகலாமா என்று பயணிகள் இறங்கும் படியிலேயே சண்டை போட்டுக்கொள்வார்கள். லெத்தேரியாவுக்கு அந்தக் குழப்பம் இருந்ததில்லை. அவள் இந்த ஊர்க்காரி. அதே கப்பலின் அடிவயிற்றில், ஜன்னல் இல்லாத சலவை அறையில், படுக்கை விரிப்புகளைத் துவைத்து இஸ்திரி போடுகிறவள். வாரத்துக்கு ஒருமுறை கப்பல் சொந்த ஊரைத் தொடும்போது நேரே வீட்டுக்குப் போவாள். கப்பலில் துவைத்தது போதாதென்று புருஷன் துணிகளையும் துவைத்துப் போட்டுவிட்டு மாலையில் திரும்புவாள்.

இந்த வருஷம்தான் சிக்கல். ஆகஸ்ட் பதினைந்து, மாதா தேர், கப்பல் வரும் நாளாகவே அமைந்துவிட்டது. அவள் வேலைக்குச் சேர்ந்த பிறகு இதுவே முதல் தடவை. ஆனால் தேர் கோயில் சேருவதற்கு வெகு முன்பே கப்பல் ஆட்கள் உள்ளே இருக்க வேண்டும். வடத்தைத் தொட்டவர்கள் கோயில் வாசல்வரை விடக் கூடாது என்பது அவள் வீட்டுக் கட்டுப்பாடு. விட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, யாரும் விட்டதில்லை. கப்பலை விட்டால் வேலை போகும். வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான்.

அவள் புருஷன் நுன்சியோ வாள்மீன் படகின் உயரமான கம்பத்தில் நின்று மீன் பார்த்தவன். விழுந்ததிலிருந்து இடது கால் மடங்காது. தேர் நாளில் ஜன்னலைச் சாத்திக்கொள்வான்.

"சாப்டுட்டுப் படுடி. வருஷம் பூரா நிக்கிற காலு," என்று தானே சமைத்த கத்திரிக்காய் பாஸ்தாவை அவள் பக்கம் தள்ளினான்.

"நீயும் வாயேன்."

"நொண்டியப் பாக்குறதா, தேரப் பாக்குறதான்னு ஊரு திண்டாடும்."

"யோவ், அந்தத் தேரு பக்கத்துல எத்னாவே வந்து நின்னாலும் ஒருத்தன் திரும்ப மாட்டான்."

சிரித்தான், எழவில்லை. "பாதியில விட்டுட்டு ஓடுவியா?"

"விட மாட்டேன்."

"அப்ப கப்பலு?"

அவள் செருப்பைக் கழற்றி வாசலில் போட்டுவிட்டு வெறுங்காலோடு கிளம்பினாள்.

தெருவில் தண்ணீர் பீய்ச்சியிருந்தார்கள். இந்தத் தேருக்குச் சக்கரம் கிடையாது. நனைந்த தெருவில் இரும்புச் சட்டங்கள் மேல் வழுக்கிக்கொண்டு போகும். தேவதைகள் மேல் தேவதைகளாக அடுக்கி, உச்சியில் இயேசுவின் உள்ளங்கையில் மாதா நிற்பாள். "வீவா மரியா!" என்று மாதாவை வாழ்த்தி ஊரே அலறியது. ஆயிரம் உள்ளங்கைகள் ஒரே மூச்சில் இழுக்க, மாடிவீடுகளை விட உயர்ந்த அந்தக் கோபுரம் அசைந்தது. லெத்தேரியாவும் வடத்தைப் பிடித்திருந்தாள். தான் இழுக்கிறோமா, தன்னை எதுவோ இழுக்கிறதா என்று தெரியவில்லை.

தேர் மூச்சு வாங்க நின்றபோது கூரைகளுக்குப் பின்னால் கப்பல் ஊதியது.

"லெத்தேரியாக்கா, உன் முதலாளி கூப்புடுறான்!" என்றான் பின்னால் நின்ற தூரி.

அவள் கை வடத்தை இன்னும் இறுக்கியது.

"குடுடி."

நுன்சியோ. தண்ணீரில் வெறுங்கால். கக்கத்தில் அவளுடைய செருப்பும் தன்னுடைய செருப்பும்.

"உன் காலு..."

"இழுக்கிறது ஊரு. நான் சும்மா பிடிச்சுக்கிறேன். நீ விட மாட்டேன்னு தெரிஞ்சுதான் வந்தேன். குடு."

அவள் கையை ஒட்டி அவன் கையை வைத்தான். பிறகுதான் அவள் தன் கையை எடுத்தாள்.

"வந்துட்டான்டா! யாரும் இவன தேரு மேல ஏத்திடாதீங்க!" என்று தூரி கத்த, வரிசையே சிரித்தது. நுன்சியோவும்.

அவள் ஓடினாள். கப்பல் வாசலில் காவலாளி ஈரக் காலைப் பார்த்து, "செருப்பு எங்கம்மா?" என்றான்.

"புருஷன்கிட்ட."

கீழே போகவேண்டியவள் மேல்தட்டின் கம்பியைப் பிடித்து நின்றாள். கப்பல் கரையை விட்டது. அந்தி வெளிச்சத்தில், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே, தேவதைகள் மெல்ல நகர்ந்து போனார்கள். வடமும் தெரியவில்லை, ஆட்களும் தெரியவில்லை. யாரும் தொடாமல் தானாகவே போவதுபோல் போனது தேர்.

எரிகிற உள்ளங்கையை மூடிக்கொண்டு, அது மறையும்வரை அவள் இமைக்கவில்லை.