மார்லா மாட்டிய குழாய்கள்

கழற்றி வைத்திருந்த மேனிஃபோல்ட் இரண்டையும் வெர்னன் பழைய இரும்புக்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டான் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னபோது, மார்லா மளிகைப் பையோடு கார் ஷெட் வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். என்ஜின் தள்ளும் புகையை வாங்கிச் சைலன்சருக்கு அனுப்புகிற வார்ப்பிரும்புத் துண்டுகள் அவை. அவை இருந்த இடத்தில் துருப்பொடிதான் கிடந்தது.

"வெர்ன், அதை ஏன் கொடுத்த?"

"எதை?" என்றான் வெர்னன். முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை.

கொகோமோ நகரத்துக் கியர்பாக்ஸ் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் வெர்னன் ஹெப்னர். வேலையை விட்டு வந்த கொஞ்ச நாளில் ஆளுக்கு மறதி தொடங்கியது. முதலில் பெயர்கள் போயின. பிறகு சாவி, அடுப்பு, வழி. நோய்க்கு டாக்டர் ஒரு பெயர் சொன்னார். மார்லா அந்தப் பெயரை வீட்டில் உச்சரிப்பதில்லை.

பகலில் அவனை ஒருமாதிரி சமாளித்துவிடலாம். பொழுது சாயும்போதுதான் கஷ்டம். வெளிச்சம் மஞ்சளாக மாறியதும் எழுந்துவிடுவான். கதவை ஆட்டுவான், சட்டைப் பொத்தானைப் போடுவான், கழற்றுவான், "வீட்டுக்குப் போகணும்" என்பான், தன் வீட்டின் நடுவிலேயே நின்றுகொண்டு. அதற்கு மருந்தாக இருந்தது ஒன்றே ஒன்று. எழுபதாம் வருஷத்து ஷெவல் கார், கரும்பச்சை நிறம், கல்யாணத்துக்கு முன்னாலேயே அவன் வாங்கியது. மார்லா ஓட்டுவாள், அவன் பக்கத்தில் உட்காருவான். சோளக் காடுகளுக்கு நடுவே தானியக் கிடங்கு வரை போய், ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு திரும்பினால் பூனைக்குட்டி மாதிரி அடங்கி, படுத்துத் தூங்கிவிடுவான்.

அந்தக் காரைத்தான் போன வாரம் பிரித்துப் போட்டிருந்தான்.

ஷெட்டின் பரணில் ஒரு பெட்டி வருஷக்கணக்காகக் கிடந்தது. அதில் ஹெடர் குழாய்கள் இருந்தன. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாயாகப் பிரிந்து வந்து கீழே ஒன்றாகச் சேரும் குழாய்க் கொத்து, பக்கத்துக்கு ஒன்று. பழைய மேனிஃபோல்டைக் கழற்றி இதைப் போட்டால் வண்டி இன்னும் சீறும் என்று ஆசைப்பட்டு வாங்கியவன், போடாமலே விட்டுவிட்டான். ஒரு நாள் மத்தியானம் அந்தப் பெட்டி கண்ணில் பட்டிருக்கிறது. மார்லா துணி மடித்துக்கொண்டிருந்த நேரத்தில் காரை ஸ்டாண்டில் ஏற்றி, பிளக்குகளையும் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் இறக்கி, மேனிஃபோல்டுகளையும் கழற்றிவிட்டான். அதுவரை ஒரு தவறும் இல்லை. அதற்குப் பிறகு கையில் ஒரு ஸ்பேனரை வைத்துக்கொண்டு, இது எதற்கு என்று தெரியாமல், இருட்டும்வரை நின்றிருக்கிறான்.

அன்றிலிருந்து மாலையில் கார் இல்லை. மூன்றாவது மாலை ரயில் கேட் பக்கம் தண்டவாளத்தில் நடந்துகொண்டிருந்தவனை ஷெரிஃப் ஆபீஸ் போலீஸ்காரர் கூட்டிக்கொண்டு வந்து விட்டார். மறுநாள் மாவட்ட நல அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்து, மரியாதையாகத்தான் பேசினாள். இன்னொரு தரம் இப்படி நடந்தால் இவரை வீட்டில் வைத்திருக்க விடமாட்டோம் என்பது அந்தப் பேச்சின் சாரம். டாக்டர் புது மாத்திரை எழுதித் தந்தார். அதைப் போட்டால் வெர்னன் வாயோரம் எச்சில் ஒழுக, கண் திறந்தபடி கிடந்தான். இரண்டு நாள் பார்த்துவிட்டு மார்லா அதைக் குப்பையில் கொட்டினாள்.

ஊரில் ஒரு மெக்கானிக் ஒரு மாசம் ஆகும் என்றான். இன்னொருவன், அடுத்தவர் பாதி பிரித்த வண்டியைத் தொடமாட்டேன் என்றான். பழைய மேனிஃபோல்டுகளையே எப்படியாவது திருப்பி மாட்டிவிடலாம் என்று மார்லா கணக்குப் போட்டிருந்தாள். இப்போது அதுவும் இரும்புக்காரனோடு போய்விட்டது.

அவள் ரோலண்டுக்கு ஃபோன் செய்தாள். தொழிற்சாலையில் வெர்னனோடு ஒரே வரிசையில் நின்று வேலை பார்த்தவன். இந்த வீட்டில் சாப்பிடாத ஞாயிற்றுக்கிழமை இல்லை என்று இருந்தவன், ஒரு வருஷமாக இந்தப் பக்கமே வரவில்லை.

"என்னால முடியாது மார்லா," என்றான். "போன தடவை என்னை டேல்னு கூப்பிட்டான். செத்துப்போன அவன் தம்பி. 'ஏண்டா இத்தனை நாளா வரல'ன்னு கட்டிப்பிடிச்சு அழுதான். நான் வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் சாப்பிடல."

"நான் தினம் சாப்பிடுறேன் ரோலண்ட். சமைச்சு அவனுக்கும் போடுறேன்."

அந்தப் பக்கம் ரோலண்ட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"ஃபோன்லயே சொல்றேன். நீ செய்வியா?"

"எனக்கு ஸ்பேனரை எந்தப் பக்கம் திருப்பணும்னே தெரியாது."

"பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டுல அந்தப் பெரிய மாவு மெஷினைக் கழட்டிக் கழுவினது யாரு? உன்னைத் தவிர எவளும் அதுல கை வைக்க மாட்டாள்னு நீதானே பீத்திக்குவ. இதுவும் இரும்புதான்."

மறுநாள் காலை, வெர்னனுக்கு முட்டையும் ரொட்டியும் கொடுத்து டிவி முன் உட்கார வைத்துவிட்டு, மார்லா ரோலண்டைக் கூப்பிட்டு, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் சாய்த்தாள். ஒரு அட்டையை விரித்து, மல்லாந்து படுத்துக் காருக்கு அடியில் நுழைந்தாள். அறுபத்து நாலு வயது. இடுப்பு ஒத்துழைக்கவில்லை.

வலது பக்கம் நினைத்ததைவிடச் சுலபமாகப் போயிற்று. குழாய்க் கொத்தை அடியிலிருந்து மேலே ஏற்றி, கசிவை அடைக்கும் கேஸ்கெட் தகட்டை நடுவில் வைத்து, போல்ட்டுகளை விரலாலேயே பிடிக்க வைத்தாள். "ஒண்ணையும் இறுக்காத," என்று ரோலண்டின் குரல் தரையிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தது. "எல்லா மரையும் பிடிச்சப்புறம்தான் ஸ்பேனர். முதல் போல்ட்டை இறுக்கினா கடைசி போல்ட் ஓட்டைக்கே வராது."

இடது பக்கத்தில்தான் எல்லாம் கெட்டது. ஸ்டியரிங் தண்டு குறுக்கே நின்றது. குழாய் எப்படித் திருப்பினாலும் ஏதாவது ஒன்றில் இடித்தது. கீழே இறக்கி, வேறு கோணத்தில் ஏற்றி, மறுபடி இறக்கி, விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்து போயிற்று. என்ஜினைத் தாங்கும் பிடியைத் தளர்த்தி, அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் ஒரு விரற்கடை தூக்கு என்றான் ரோலண்ட். என்ஜின் முனகிக்கொண்டு எழுந்தது. குழாய் உள்ளே போய் உட்கார்ந்தது. மார்லா சிரித்தேவிட்டாள். பின்பக்கத்துக் கடைசி ஓட்டைக்குப் போல்ட்டைக் கொண்டுபோனபோதுதான் தெரிந்தது, அந்த ஓட்டை ஓட்டையாகவே இல்லை. பழைய போல்ட் உள்ளே ஒடிந்து, அடைத்துக்கொண்டு நின்றது.

"அது ஒண்ணு இல்லாம ஓடாதா?"

"ஓடும். அந்த இடத்துல நெருப்பு கக்கும். பிளக் வயர் எரிஞ்சுபோகும்." ரோலண்ட் பெருமூச்சு விட்டான். "மத்ததை மாட்டி வை. அதை அப்புறம் யோசிப்போம்."

மற்றதை மாட்டினாள். மாட்டிவிட்டு, வெர்னனுக்கு மதியச் சாப்பாடு வைக்க உள்ளே போனாள். அவன் நாற்காலியில் இல்லை. கழிவறையில் பார்த்தாள், வாசலில் பார்த்தாள், தெருவுக்கு ஓடி ரயில் கேட் திசையில் பார்த்தாள். மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது ஷெட்டுக்குள் ஸ்பேனர் சத்தம் கேட்டது.

வெர்னன் பானெட்டுக்குள் குனிந்திருந்தான். இரண்டு பக்கத்துப் போல்ட்டுகளையும் கழற்றி, துடைத்து, செய்தித்தாளில் வரிசையாக அடுக்கியிருந்தான். வலது குழாய் தரையில் கிடந்தது. கேஸ்கெட் அவன் காலடியில் கிழிந்திருந்தது.

"சரியில்லாம இருந்துச்சு," என்றான் சந்தோஷமாக. "எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

மார்லாவுக்குள் என்ன அறுந்ததோ, கத்தினாள். இத்தனை வருஷமாக வராத சத்தம். "காலையிலிருந்து செத்துக்கிட்டிருக்கேன். உனக்காகத்தானே. எதையாவது ஒண்ணை விட்டு வைக்கிறியா நீ? ஒரேயடியா போய்த் தொலைஞ்சிருந்தா ஊரோட சேர்ந்து நானும் அழுது முடிச்சிருப்பேன். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமா என்னைக் கொல்லாம இருந்திருப்ப."

வெர்னன் ஸ்பேனரை மெதுவாகக் கீழே வைத்தான். தெரியாத வீட்டுக்குள் தவறி நுழைந்தவன் போல ஒரு அடி பின்வாங்கினான்.

"மன்னிச்சுக்கங்க," என்றான். "இது உங்க வண்டின்னு தெரியாது."

அவன் வெளியே போய் முற்றத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். மார்லா அட்டையில் படுத்து மறுபடி காருக்கு அடியில் போனாள். வேலை செய்வதற்காக இல்லை. அங்கே யாரும் அவளைப் பார்க்கமுடியாது. முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதாள். ஃபோன் அணைக்கப்படாமல் தரையில் கிடந்ததை அவள் மறந்தே போயிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் முற்றத்தில் ஒரு வண்டி வந்து நின்றது. அடியிலிருந்து பார்த்தபோது இரண்டு பூட்ஸும் ஒரு வெல்டிங் பெட்டியும் தெரிந்தன.

"வெளிய வா மார்லா," என்றான் ரோலண்ட்.

முற்றத்திலிருந்து வெர்னன் எழுந்து வந்தான். "டேல்," என்றான். "ஏண்டா இத்தனை நாளா வரல?"

ரோலண்டின் முகம் கோணியது. "வேலை அண்ணே," என்றான். "வேலை விடல. இப்ப வந்துட்டேன்ல."

ஒடிந்த போல்ட்டின் முனையில் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்தான் ரோலண்ட். சிவந்து கனிந்ததும் ஸ்பேனரைப் போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினான். முதல் நட்டு பிய்ந்தது. இரண்டாவதும் பிய்ந்தது. அடுத்ததற்குப் போல்ட் கிறீச்சென்று அசைந்து வெளியே வந்தது. ரோலண்ட் ஓடிப்போய்ப் புதுக் கேஸ்கெட் வாங்கி வந்தான். குழாய்களையும் பிளக்குகளையும் ஸ்டார்ட்டரையும் மார்லா மாட்டினாள், அவன் வெர்னனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டேலாகப் பேசிக்கொண்டிருந்தான்.

வெளிச்சம் மஞ்சளாகத் தொடங்கியபோது வெர்னன் எழுந்து பொத்தானைப் போட ஆரம்பித்தான். மார்லா அவசர அவசரமாகச் சாவியைத் திருப்பினாள். இரண்டு தரம் இருமி, மூன்றாவது தரம் வண்டி பிடித்தது. ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. அடிவயிற்றில் இடிக்கிற, முரட்டுத்தனமான, புதிய சத்தம்.

"வா வெர்ன். ஏறு. போலாம்."

அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். "இது என் வண்டி இல்ல."

"உன் வண்டிதான். பச்சை ஷெவல். பாரு."

"என் வண்டிச் சத்தம் எனக்குத் தெரியாதா? என் வண்டியை எங்க வச்சிருக்கீங்க? யாரு நீங்கல்லாம்?" அவன் தோட்டத்துக்கு ஓடி, விறகு அடுக்கின் பின்னால் உட்கார்ந்துகொண்டான். அவனை அங்கிருந்து கிளப்ப இரண்டு பேருக்கும் வெகுநேரம் ஆயிற்று. ரோலண்ட் போகும்போது மார்லாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆனால் மறுநாள் மாலை தானாகவே வந்தான். "சூடேறி ஆறினா போல்ட் எல்லாம் தளரும். ஒரு சுத்து ஓட்டிட்டு வா, ஆறவச்சு மறுபடி இறுக்கலாம். இல்லன்னா எல்லாம் வீண். அவனை நான் பார்த்துக்கிறேன்."

மார்லா தனியாக ஓட்டிக்கொண்டு போனாள். தானியக் கிடங்கு வந்தது. வழக்கமாகத் திரும்பும் இடம். அவள் திரும்பவில்லை. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாள், வண்டி உறுமிக்கொண்டு முன்னே பாய்ந்தது, சோளக் காடு இரு பக்கமும் ஓடியது. இப்படியே போனால் என்ன என்று தோன்றியது. தங்கை மிசௌரியில் இருக்கிறாள். எதுவும் கேட்கமாட்டாள். அடுத்த ஊரும் தாண்டியது. ஒரு சர்ச் வாசலில் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைக்காமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். போகவும் முடியவில்லை, திரும்பவும் கை வரவில்லை. இப்போது பொத்தானைப் போட்டுக் கழற்றிக்கொண்டிருப்பான் என்று நினைத்தாள். அதற்கு மேல் யோசிக்கவில்லை. வண்டியைத் திருப்பினாள்.

வீட்டுக்கு வந்தபோது வெர்னன் வாசலில் நின்றிருந்தான். ரோலண்ட் பின்னால் தயங்கி நின்றான். வெர்னன் மறுபடி காதைப் பொத்துவான் என்று மார்லா எதிர்பார்த்தாள். அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். பிறகு கிட்டே வந்து ஜன்னலில் குனிந்தான்.

"நல்ல வண்டி," என்றான். "ஹெடர் போட்டிருக்கீங்க. ஒரு இடத்துலயும் கசியல. யார் மாட்டினது?"

"நான்தான்."

"நீங்களா?" வியப்பு உண்மையானது. "என்கிட்டயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு. இடப்பக்கம் மாட்டுறது பெரும்பாடு."

"ஆமா. பெரும்பாடுதான்."

அவன் கூச்சத்தோடு கதவைத் தடவினான். "ஒரு சுத்து கூட்டிட்டுப் போவீங்களா? உங்க வீட்டுக்காரர் ஏதாவது நினைச்சுக்குவாரா?"

ரோலண்ட் வேலிப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நினைக்கமாட்டார்," என்றாள். "ஏறுங்க."

அவன் விருந்தாளி போல மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தபோது நன்றி சொன்னான். அன்று இரவு தூங்கினான்.

அந்தக் கோடை முழுக்க அப்படித்தான் போயிற்று. மாலையில் யாரோ ஒரு பெண் வந்து காரில் கூட்டிப்போவாள் என்று அவன் குளித்துத் தலை வாரிக் காத்திருந்தான். சில நாள் தன் மனைவியைப் பற்றி அவளிடம் சொன்னான், நல்லவள், கொஞ்சம் கோபக்காரி என்றான். தண்டவாளப் பக்கம் அவன் மறுபடி போகவில்லை. இலையுதிர் காலத்தில் அவனால் நடக்க முடியாமல் போயிற்று. முதல் பனிக்கு முன்னால் அவனை ஆற்றங்கரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று. மார்லா தினமும் பார்க்கப் போனாள். ஷெவலில்தான் போனாள். அந்தச் சத்தம் நோயாளிகளுக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று நர்ஸ் ஒரு தரம் சொன்னதிலிருந்து, தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து போனாள்.