முதல் அடி யாருடையது

விடுதியில் அவனுக்கு வைத்த பெயர் குவாரி. கல்லுடைக்கிறவர் மகன் என்பதால் மட்டும் அல்ல. பேசினாலே எதிராளி மேல் கல் விழுகிற மாதிரிதான் பேசுவான். எழுத்தும் அப்படியே. பல்கலைக்கழகத்தில் முதல் வருஷமே இரண்டு கட்டுரைகளில் மண்ணைக் கவ்வியிருந்தான். மூன்றாவதும் போனால் படிப்பில் இடமே இல்லை என்று துறையிலிருந்து வந்த கடிதம் அவன் சட்டைப்பையில் நான்காக மடிந்து கிடந்தது.

மூன்றாவது கட்டுரைக்குத் தலைப்பு, நீங்கள் அறிந்த ஒரு தொழில் தகராறு. அவனுக்குக் கை துறுதுறுத்தது. பதினொரு வருஷத்துக்கு முன்பு, வெடியில் இரண்டு பேர் செத்தும் வேலையை நிறுத்தவில்லை என்று குவாரி வாசலில் நடந்த அடிதடியில்தான் அப்பாவின் முழங்கால் இரும்புக் குழாயால் நொறுக்கப்பட்டது. வெறுங்கையோடு நின்ற தொழிலாளிகளைக் காண்ட்ராக்டரின் ஆட்கள் கேட்டைச் சாத்திவிட்டு மாட்டை அடிப்பது போல அடித்தார்கள். சோற்றோடு சேர்த்து அவனுக்கு ஊட்டப்பட்ட கதை அது.

ஒரே மூச்சில் பதினான்கு பக்கம். அதில் நாலு பக்கம் காண்ட்ராக்டர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரியான கேள்விகள். அடிக்குறிப்பு கட்டாயம் என்று சொல்லியிருந்ததால் அதையும் விடவில்லை. ஒன்று: ஊருக்கே தெரியும். இரண்டு: அம்மா சொன்னது. மூன்று: மேலே உள்ள இரண்டையும் பார்க்க.

வரைவு திரும்பி வந்தபோது ஓரமெல்லாம் சிவப்பு மை. விரிவுரையாளர் மேடம் ஒரே கேள்வியைப் பத்தொன்பது இடத்தில் எழுதியிருந்தார்: யார் சொன்னது? கடைசிப் பக்கத்தில், எதிர்த்தரப்பு ஆள் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லையே, மூன்று வாரம் தருகிறேன் என்றிருந்தது.

அவர் அறைக்கே போய், "எங்கப்பா காலைப் பாத்தாலே தெரியும் மேடம்" என்றான்.

"கால் ஒடிஞ்சது தெரியும். ஏன் ஒடிஞ்சதுன்னு கால் சொல்லாதே" என்றார் அவர், அடுத்த தாளைத் திருத்தியபடி.

ஆதாரத்தைக் கொண்டுவந்து அந்த மேஜை மேலேயே விட்டெறிய வேண்டும் என்றுதான் பஸ் ஏறினான். ஆஸ்பத்திரியில் துறைக் கடிதத்தைக் காட்டிக் கெஞ்சி, பழைய பதிவேட்டைப் பிரிக்க வைத்தான். அப்பா இருந்தார்: முழங்கால், வந்த நேரம் ஒன்பது நாற்பது. அவருக்கு நாலு வரி மேலே குவாரியின் கேட் வாட்ச்மேன் இருந்தார்: வலது கண் கிழிந்து, எட்டு ஐம்பது.

திரும்பத் திரும்பப் பார்த்தான். குவாரியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரே சாலைதான். வீட்டுக் கதையில் வாட்ச்மேனின் கண் கடைசியில், எங்கிருந்தோ தெறித்த ஜல்லியில் போனது. பதிவேட்டில் அந்தக் கண்தான் முதலில் வந்து சேர்ந்திருந்தது.

வாட்ச்மேன் லாரி ஷெட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் இருந்தார். கதவைத் திறந்தவர், மிச்சமிருந்த ஒரு கண்ணால் இவன் முகத்தைப் பார்த்தார். அப்பாவை அப்படியே உரித்து வைத்த முகம். இவன் வாயைத் திறக்கும் முன்பே கைத்தடி தோளில் இறங்கியது. இரண்டாவது அடி காதைக் கிழித்தது. இவன் முஷ்டியும் தானாக எழுந்தது. ஒரே குத்தில் கிழவர் சுருண்டுவிடுவார். கீழே விழுந்து கிடந்த நோட்டு கண்ணில் பட்டது. குனிந்து அதை எடுத்தான்.

"நீங்க சொல்றதை எழுதிக்கிறேன் பெரியவரே. மிச்சத்தை அப்புறமா அடிங்க."

மூச்சு வாங்க வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார் அவர். சாத்தச் சொன்னார்களாம், கேட்டைச் சாத்தினாராம். கூட்டம் வந்ததாம். "உங்கப்பன் சம்மட்டியோட முன்னாடி நின்னான். திறடான்னான். சாவி என்கிட்ட இல்லடான்னேன். அவ்வளவுதான், உலகம் பாதியாயிடுச்சு. நான் விழுந்ததைப் பாத்துத்தான் எங்காளுங்க குழாயையே தூக்கினாங்க." இவன் எழுதிக்கொண்டிருந்தான். காதிலிருந்து சொட்டிய ரத்தம் பக்கத்தில் விழுந்து இரண்டு வரியை நனைத்தது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அப்பாவிடம் அந்த வரிகளைப் படித்துக் காட்டினான். முடிக்க விடவில்லை அவர். முப்பது வருஷம் கல்லுடைத்த கை. அறைந்த வேகத்தில் இவன் அலமாரியில் மோதி விழுந்தான், உதடு பிளந்தது. மறுபடி அடிக்க வந்தவரை இழுத்துப் பிடித்த அம்மாவுக்கு முழங்கையால் நெஞ்சில் ஒன்று விழுந்தது.

"பெத்த அப்பனைக் காட்டிக் கொடுக்கவாடா உன்னைப் படிக்க அனுப்புனேன்?"

அம்மா தன் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே, எழுத வேறு விஷயமா கிடைக்கவில்லை என்று அழுதாள். பழைய வரைவையே கொடுக்கலாம். அப்பா பெயர் பிழைக்கும், படிப்பு போகும். வீங்கிய கன்னத்தோடு அதே அறையின் மூலையில் உட்கார்ந்து புதிதாக எழுதினான். வெடியில் செத்த இருவரைச் சாக்கில் அள்ளியதை எழுதினான். அதற்குப் பிறகும் கேட் சாத்தப்பட்டதை எழுதினான். முதல் அடி எங்களுடையது என்றும் எழுதினான். காண்ட்ராக்டரை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசாமல் எழுதியபோதுதான் அந்தச் சாக்கு கனத்தது. இரண்டு நாள் அப்பா அவன் இருந்த பக்கமே திரும்பவில்லை.

மூன்றாம் நாள் காலை, பஸ்ஸுக்குக் கிளம்பியவனைக் கட்டிலிலிருந்து குரல் நிறுத்தியது.

"படி."

நின்றபடியே முழுவதையும் படித்தான். சம்மட்டி என்ற இடம் வந்ததும் அப்பாவின் கை உயர்ந்தது. அம்மா பாய்ந்து குறுக்கே வந்தாள். கை உயர்ந்தபடியே நின்றது.

"சம்மட்டின்னு எழுதியிருக்க."

"அவர் அப்படித்தான் சொன்னாருப்பா."

"முகமெல்லாம் ரத்தம், அவனுக்கு என்ன தெரியும். சம்மட்டியைக் கீழ போட்டுட்டேன். உளி. இடுப்புல இருந்துச்சு." கை மெதுவாக இறங்கியது. "சாவி இல்லன்னு அவன் சொன்னது நிஜம். அதையும் போடு."

சுவரில் தாளை வைத்துத் திருத்தினான். பதினேழாவது அடிக்குறிப்பாக அடியில் எழுதினான்: அடித்தவர் சொன்னது.

தாள் திரும்பி வந்தபோது ஆறு இடத்தில் சிவப்பு மை இருந்தது. தேறிவிட்டான். பதினேழாம் குறிப்பின் ஓரத்தில் எந்தக் கேள்வியும் இல்லை. அதை ஊருக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினான். அவர் அந்த வெற்று ஓரத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு, மடங்காத காலை இரண்டு கையாலும் தூக்கிக் கட்டில் மேல் வைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.